மேஸ்திரியின் வயிறு

நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, என் கணவர் மீன்தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பவளத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் நீளமான பிளாஸ்டிக் குழாய், அதன் முனையில் ரப்பர் குமிழ். குமிழை அமுக்கி அமுக்கி, பவளத்தின் மேல் கொட்டிக் கிடந்த மணலை ஊதி விலக்கினார். "ஸாரிடா கண்ணு, இன்னிக்கு ரொம்ப ஓவராத்தான் போறான்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் என்னிடம் ஒரு ஸாரி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பையைத் தரையில் போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனேன்.

மணலைக் கொட்டியவன் தொட்டியின் மூலையில் ஒன்றும் அறியாதவன்போல நின்றான். அவன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விரல் நீளம், வெள்ளை உடம்பு, மஞ்சள் தலை, கண்ணுக்குக் கீழே நீலப் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கோடு. மணல் சலிப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு. வாய் நிறைய மணலை அள்ளுவான், மெல்லுவான், அதற்குள் ஒளிந்திருக்கும் பொடிப் புழு பூச்சிகளை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே இரண்டு பக்கமும் உதிர்ப்பான். உதிர்க்கிறவன் கீழேயே உதிர்த்துத் தொலைக்கலாம். இவன் மேலே ஏறிப்போய்ப் பவளத்தின் தலையில்தான் கொட்டுவான். பாறைக்கு அடியில் பள்ளம் பறித்து வீடு கட்டினான். இந்த மூலையில் குவித்ததை மறுநாள் அந்த மூலைக்கு மாற்றினான். நாங்கள் இந்த வீட்டுக்குக் குளியலறை கட்டியபோது வந்த மேஸ்திரியும் இப்படித்தான், ஒரே சுவரை இரண்டு முறை எழுப்பிவிட்டு நம்மைப் பார்த்து முறைப்பார். அதனால் மீனுக்கு மேஸ்திரி என்று நான்தான் பேர் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது.

என் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். பொறுமைசாலி. ஒரு மயிரிழைக் கீறலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே அரை நாளைக் கழிப்பார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். தினமும் முன்பின் தெரியாதவர்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, என் உயிரை என் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதைவிட என் வாய்தான் சீக்கிரம் வேலை செய்யும் என்று என்னிடம் படித்த பல் டாக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்த வாய் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஓய்ந்துவிடும். பையை ஒரு பக்கம் போட்டு, துப்பட்டாவை ஒரு பக்கம் போட்டு, சோபாவில் விழுந்து, உப்புத்தண்ணீரில் அசையும் அந்த இரண்டடிக் கடலைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மீன் அவருடையது என்றாலும் பார்க்கிற பாத்தியதை எனக்கும் உண்டு.

இப்படி எங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் அண்ணி வந்து சேர்ந்தார். என் கணவரின் அக்கா. ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் சேர்ந்து, கடைசியில் மூன்று மாடிக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹோட்டலின் பின்கட்டில் ஊழியர்களுக்குக் கொடுக்கும் அறைதான் அவருக்கு வீடு. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, போட்டோ எடுத்து, சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெட்டி, ஒரு தோள்பை, ஓர் இஸ்திரிப் பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வந்த வாரமே வீடு என் கையைவிட்டுப் போய்விட்டது. படுக்கை விரிப்பை நான்கு மூலையிலும் மடித்து மெத்தைக்கு அடியில் அவர் செருகும் செருகலில், ராத்திரி படுக்கப் போனால் மல்யுத்தம் செய்துதான் உள்ளே காலை நீட்ட முடிந்தது. குளியலறைத் துண்டுகள் மூன்றாக மடிந்து, மடிப்பு வெளிப்பக்கம் பார்க்க அடுக்கப்பட்டிருக்கும். குழாயில் என் முகம் தெரிந்தது. நான் பையைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள் பை ஆணியில் தொங்கும். இதில் இன்னொன்று, எந்த அறைக்குள் வந்தாலும் மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டு, ஒரு மூச்சு பொறுத்துத்தான் நுழைவார். கதவே இல்லாத சமையலறைக்குக்கூட நிலைச்சட்டத்தைத் தட்டினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உட்காரவே மாட்டார். அதுதான் என்னை ரொம்பப் படுத்தியது. ஹாலில் சோபா இருக்கிறது, மீன்தொட்டிக்கு எதிரே என் கணவரின் ஒற்றை நாற்காலி இருக்கிறது, மெத்தை வைத்த நல்ல நாற்காலி. அண்ணி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றே டிவி பார்ப்பார். சாப்பாடும் அப்படித்தான். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, சமையல் மேடை ஓரத்தில் நின்று, மிஞ்சியதைத் தட்டில் போட்டு, யாரோ துரத்துகிற வேகத்தில் முடித்துவிட்டுத் தட்டைக் கழுவிவிடுவார்.

"உக்காருங்களேன் அண்ணி. பாக்கற எனக்குக் கால் வலிக்குது."

"இருக்கட்டும்மா. நின்னே பழகிடுச்சு."

"அதென்ன அப்படி ஒரு பழக்கம்?"

"கெஸ்ட் ரூம்ல உக்காந்தா சீட்டைக் கிழிச்சுடுவாங்கம்மா. நான் சேந்த புதுசுல ஒரு பொண்ணு, வாயும் வயிறுமா இருந்தா. தல சுத்துதுன்னு கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டா. மேனேஜர் பாத்துட்டான். மறுநாள்லேந்து வரவேணாம்னுட்டாங்க." கையில் இருந்த துணியால் மின்விசிறி ஸ்விட்சைத் துடைத்தார். "அன்னிலேந்து ஒரு பயம்."

"இது கெஸ்ட் ரூமா அண்ணி?" என்றேன். கொஞ்சம் சூடாகவே வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு அடுத்த ஸ்விட்சுக்குப் போய்விட்டார்.

உள்ளதைச் சொன்னால், அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. எரிச்சல்தான் இருந்தது. என் வீட்டிலேயே நான் விருந்தாளி மாதிரி நுனிக்காலில் நடக்க வேண்டியிருந்தது. "உங்க அக்கா எப்பத்தான் கொஞ்சம் சும்மா இருப்பாங்க?" என்று கணவரிடம் கேட்டேன். "சும்மா இருந்தா போகச் சொல்லிடுவோம்னு நெனைக்குறா போல" என்றார் அவர், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. அதோடு அந்தப் பேச்சு நின்றது. நானும் வளர்க்கவில்லை.

அண்ணிக்கு அந்த வீட்டில் முதலில் பிடித்துப்போனது மேஸ்திரியைத்தான். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். அவன் ஒரு வாய் அள்ளி, மென்று, உதிர்த்து, அடுத்த வாய்க்குப் போனான். ஒரு அங்குலம் விடாமல் வரிசையாகப் போனான். "தம்பி, இவன் எங்க டிபார்ட்மெண்ட்டுடா" என்றார் அண்ணி. அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு தொட்டியின் கண்ணாடியை வெளிப்பக்கம் துடைப்பது அவர் பொறுப்பு, உள்ளே மணலைச் சலிப்பது மேஸ்திரி பொறுப்பு என்று ஆகிவிட்டது. பழுப்பும் பச்சையுமாகப் படிந்து கிடந்த மணல் சர்க்கரை மாதிரி வெளுத்தது. மாடி வீட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "வீடும் பளபளங்குது, தொட்டியும் பளபளங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணிக்கு முகம் மலர்ந்தது. எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான், ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

மேஸ்திரி இளைத்துப்போனதை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். கடையில் லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தொட்டியோடு ஒட்டி நின்றார். நாங்கள் இரண்டு பெண்களும் பின்னால் நின்றோம். அவர் நிமிர்ந்தபோது முகம் சரியில்லை. "வயிறு உள்ள ஒட்டிப்போச்சு" என்றார். நானும் பார்த்தேன். தலை மட்டும் பெரிதாக, அதற்குப் பின்னால் உடம்பு வற்றி, அடிவயிறு குழிந்து கிடந்தது. அப்போதும் அவன் அள்ளிக்கொண்டும் உதிர்த்துக்கொண்டும்தான் இருந்தான். "நாள் பூரா சாப்பிட்டுக்கிட்டேதானே இருக்கான்" என்றார் அண்ணி. குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் நானும் கணவரும் அவனை விற்ற மீன்கடைக்காரரிடம் போனோம். அவர் கதையைக் கேட்டுவிட்டு, ஒன்றும் புதிதில்லை என்பதுபோல வலையை உதறிக்கொண்டே சொன்னார்.

"சின்னத் தொட்டி சார். மணல்ல இருந்ததெல்லாம் ஒரு மாசத்துல வழிச்சுத் தின்னு முடிச்சிருப்பான். இப்ப அவன் அள்ளுறது வெறும் மணல். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, வயித்துல ஒண்ணும் சேராது. அப்படியே வேல பாத்துக்கிட்டே செத்துப்போவான்."

எனக்கு வந்ததே கோபம். "விக்கும்போதே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க மணலு சுத்தமாகுமான்னுதானேம்மா கேட்டீங்க? சுத்தமாச்சா இல்லையா?"

அவரிடம் பெரிய தொட்டி ஒன்று இருந்தது, ஓர் ஆள் படுக்கலாம். அதில் கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்றார். இல்லாவிட்டால் கையால் ஊட்ட வேண்டும். உறைய வைத்த பொடி இறாலைத் தண்ணீரில் இளக்கி, குழாயில் உறிஞ்சி, அவன் பள்ளத்து வாசலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் மற்ற மீன்கள் பறித்துக்கொள்ளும், தண்ணீரும் கெடும். ஒரு நாளைக்குப் பல தடவை, மெதுவாக. "வீட்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். "எங்கக்கா இருக்கா" என்றார் என் கணவர். கிளம்பும்போது கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். "நின்னுக்கிட்டு ஊட்டாதீங்க. மேல நெழல் அசைஞ்சா பள்ளத்த விட்டு வரமாட்டான். பக்கத்துல உக்காந்து, ஆடாம அசையாம இருக்கணும்."

வண்டியில் திரும்பும்போது நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் வண்டி ஓட்டினால் என் கணவருக்குப் பயம் வந்துவிடும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, வயிற்றில் ஒன்றும் சேராது. அந்தக் கடைக்காரர் மீனைப் பற்றித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தால், சமையல் மேடையோரம் அண்ணி நின்றுகொண்டு காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் துடைக்கும் துணி. வந்தபோது தோளில் சரியாக உட்கார்ந்த ஜாக்கெட் இப்போது இரண்டு பக்கமும் சரிந்து கிடந்தது. இத்தனை நாள் என் வீட்டில், என் கண் முன்னால் இந்த மனுஷி இளைத்துக்கொண்டிருந்தார், நான் துண்டு மடிப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். என் வழக்கப்படி கோபம்தான் வந்தது.

"அண்ணி, அந்தத் துணியக் கீழ வைங்க. உங்களுக்கு ஒரு வேல இருக்கு."

வேலை என்றதும் முகம் தெளிந்தது. விஷயத்தைக் கேட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். குழாயைப் பிடிக்கும் லாவகம் உடனே வந்துவிட்டது, எவ்வளவோ நுணுக்கமான வேலை பார்த்த கை. ஆனால் நின்றுகொண்டே விட்டார். மேஸ்திரி விருட்டென்று பாறைக்கு அடியில் போய் மறைந்துவிட்டான். இறால் துணுக்குகளைத் தொட்டியில் கூட இருந்த இரண்டு கோமாளி மீன்களும் வந்து தின்றுவிட்டுப் போயின. அண்ணி தரையில் குந்திப் பார்த்தார், கை தொட்டியின் விளிம்புக்கு எட்டவில்லை. பாதி குனிந்து நின்றார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. தொட்டிக்குச் சரியான உயரத்தில் அந்த வீட்டில் இருந்தது ஒரே ஓர் இடம், என் கணவரின் மெத்தை நாற்காலி.

"உக்காருங்க அண்ணி."

"தம்பி சேரும்மா அது."

"தம்பிதானே? மேனேஜரா?"

அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாறை இடுக்கில் மஞ்சள் தலை மட்டும் தெரிந்தது. நான் காரில் மாணவர்களிடம் பேசும் குரலை எடுத்தேன். "பின்னாடி போங்க. இன்னும் பின்னாடி. நிறுத்துங்க. இப்ப மெதுவா இறக்குங்க." அண்ணி உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால், நாற்காலி விளிம்பில் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி, முழு எடையும் கால்களிலேயே இருக்க. அப்படியே அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தலை வெளியே வந்தது. குழாய் முனையிலிருந்து ஒரு துணுக்கு மிதந்து இறங்கியது. மேஸ்திரி அதை மணலோடு சேர்த்து அள்ளி மென்றான். மணல் மட்டும் வெளியே வந்தது. "தின்னுட்டான்" என்று அண்ணி மூச்சை விடாமல் சொன்னார். எழுந்ததும் முதல் வேலையாக மெத்தையைத் தட்டி, இரண்டு கையாலும் நீவி, அவர் உட்கார்ந்த பள்ளத்தைச் சமப்படுத்தினார். ஹோட்டலில் விருந்தாளி வெளியே போனதும் அப்படித்தான் செய்வார்களாம், யாரும் உட்கார்ந்த தடம் தெரியக் கூடாதாம். அன்றைக்கு எத்தனை தடவை ஊட்டினாரோ அத்தனை தடவையும் நீவினார்.

நான் ஒரு தந்திரம் செய்தேன். மீன் வெளியே வருகிற வரைக்கும் எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும், சும்மா எதற்கு என்று சொல்லி, அவர் மடியில் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு விழித்தார். "சிந்திடும்மா" என்றார். "சிந்தட்டும். மேஸ்திரி மட்டும் சிந்தலாமா?" என்றேன். குழாயால் அவனுக்கு ஒரு வாய், கையால் தனக்கு ஒரு வாய் என்று போயிற்று. அவசரப்பட்டால் மீன் உள்ளே ஓடிவிடும் என்பதால் அண்ணி மெல்லச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோபாவில் கிடந்து, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத என் பல் டாக்டரின் கதைகளைச் சொல்வேன். அண்ணி எட்டாவது மாடியில் ஒரு விருந்தாளி குளியல் தொட்டியில் வாத்து வளர்த்த கதையைச் சொன்னார். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மீன் ஓடிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் இன்னும் சிரிப்பு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் போன் வந்தது. அண்ணியோடு ஹோட்டலில் வரவேற்பறையில் இருந்த ஒருவர் சொந்தமாகத் தங்கும் விடுதி திறக்கிறாராம். சின்ன விடுதி, பின்னால் ஓர் அறை இருக்கிறது, மேற்பார்வைக்கு வாருங்கள் என்றார். அண்ணி ஹாலுக்கு வந்து எங்களிடம் நிதானமாகச் சொன்னார்.

"நல்ல மனுஷன். ரூமும் தர்றாரு. போறேன்னு சொல்லியிருக்கேன்."

"எப்பக்கா?" என்றார் என் கணவர்.

"இவன் வயிறு நெரம்பட்டும். அப்புறம் எனக்கு இங்க என்ன வேல?"

வந்த புதிதில் இதைச் சொல்லியிருந்தால் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்திருப்பேன். இப்போது போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் கத்துகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. சொன்னால், பரிதாபப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். வேலை இருந்தால் இருப்பார், வேலை இல்லாவிட்டால் இருக்க மாட்டார். அன்பு காட்டி அவரை உட்கார வைக்க முடியாது என்பதை அந்த நாற்காலி எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் முதலில் மேஸ்திரியின் வயிற்றைப் பார்ப்பேன். குழி இன்னும் இருந்தால் நிம்மதியாக இருக்கும். ஐயோ பாவம், வாயில்லாத ஜீவன் நன்றாகச் சாப்பிட்டால் எனக்கு வயிற்றெரிச்சலா என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டிக்கொண்டே மறுபடியும் பார்ப்பேன். அவனோ அண்ணியின் கைவாசியில் நாளொரு மேனியாகத் தேறிக்கொண்டிருந்தான். முதலில் குழி மறைந்தது. பிறகு வயிறு தட்டையாயிற்று. பிறகு மெல்ல உருண்டது.

ஒரு சாயங்காலம் அண்ணி குழாயைக் கழுவிக்கொண்டே கேட்டார். "இப்ப எப்படிம்மா இருக்கான்? தேறிட்டான் இல்ல?"

"எங்க தேறினான்? எலும்பும் தோலுமா இருக்கான்" என்றேன். மீன் என்னைத் திரும்பிப் பார்த்தது மாதிரி இருந்தது.

அண்ணி தம்பியைப் பார்த்தார். நியாயம் கேட்டால் அவர் நியாயம்தான் சொல்வார், பொய் சொல்லவே தெரியாது, பொய் சொன்னால் காது சிவந்துவிடும். போச்சு என்று நினைத்தேன். என் கணவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒல்லிதான்க்கா. தண்ணிக்குள்ள இருக்கறது எதுவும் நிஜ சைஸ்ல தெரியாது. தண்ணியும் கண்ணாடியும் சேந்து பெருசு பண்ணிக் காட்டும். இதுல ஏமாறக் கூடாது. என் தொழிலே இதுதானே."

"அப்ப மொதல்ல ஒல்லியா இருந்தப்பவும் பெருசாத்தானடா காட்டியிருக்கும்?"

என் கணவர் பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... அப்ப இன்னும் ஒல்லி" என்றார். காது இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன. நான் சட்டென்று டீ போடுகிற சாக்கில் எழுந்து போனேன். சமையலறையில் நின்று, அடுப்பைப் பற்ற வைக்காமல், அந்த மனுஷனை நினைத்துச் சிரித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்த நாள் வேறு இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அது தினசரிப் பாடமாகிவிட்டது. அண்ணி கேட்பார், நாங்கள் உதட்டைப் பிதுக்குவோம். மேஸ்திரி குண்டாகிக்கொண்டே போனான். பள்ளத்து வாசல் அவனுக்குப் போதவில்லை, பெரிதாகப் பறித்துக்கொண்டான். மாடி வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, "அட, மீனு சினையா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். நான் முறைத்த முறைப்பில் அவர் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அண்ணி தலையைக் குனிந்து இறால் இளகுகிறதா என்று கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு படுக்கை விரிப்பில் ஒரு நூல் சுருங்கியிருந்தால் வாசலில் நின்றே கண்டுபிடிக்கிற கண் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று பேரும் ஹாலில் இருந்தோம். நான் சோபாவில், என் கணவர் தரையில் உப்புத்தண்ணீர் கலக்கும் வாளியோடு, அண்ணி நாற்காலியில். மடியில் டீ, டீயில் நனைக்க பிஸ்கட், கையில் குழாய். முதுகை நாற்காலியில் சாய்த்திருந்தார். எப்போதிலிருந்து சாய்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அப்போது அவருடைய போன் அடித்தது. விடுதிக்காரர். என் கணவர் வாளிக்குள் கலக்குவதை நிறுத்திவிட்டார். என் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது.

"சொல்லுங்க சார்" என்றார் அண்ணி. மறுமுனையில் நீளமாக ஏதோ சொன்னார்கள். அண்ணி கேட்டுக்கொண்டே தொட்டியைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி தன் பள்ளத்திலிருந்து வெளியே வந்து, அவர் முகத்துக்கு நேராக, பந்து மாதிரி வயிற்றை மணலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறைக்க வழியே இல்லை.

"இல்ல சார், இங்க ஒருத்தன் இருக்கான். நான்தான் ஊட்டணும்." இன்னும் தேறவில்லையா என்று மறுமுனையில் கேட்டார்கள் போல. "எங்க சார்? இன்னும் தேறவே இல்ல. ரொம்ப ஒல்லி. பாவம்."

நான் சோபாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று இவர்களுக்குத் தெரியக் கூடாது. வாளிக்குள் மறுபடி தண்ணீர் சுழலும் சத்தம் கேட்டது, தேவைக்கு அதிகமான வேகத்தில். அண்ணி போனில் வேறு ஏதோ பேசினார், பார்க்கலாம் சார் என்றார், வைக்கிறேன் என்றார். பிறகு வாசலில் பால்காரர் மணி அடிக்க, டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாற்காலியைப் பார்த்தேன். மெத்தை நடுவில் அகலமாக அமுங்கி, பள்ளமாக இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு பிஸ்கட் துணுக்குகள் கிடந்தன. என் கணவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அண்ணி பால்காரரிடம் நேற்றுப் பால் தண்ணீராக இருந்ததாகச் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது, நம்ம வீட்டுக்கு இப்படி ஊத்தாதீங்க என்றார். அண்ணியைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்ட பழக்கத்தில் நீவிவிடலாம் என்று எழுந்தவள், கையை நீட்டிவிட்டு, அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டேன். தொட்டிக்குள் மேஸ்திரி வாய் நிறைய அள்ளிக்கொண்டு மேலே ஏறினான். பவளத்தின் தலையில் மணல் பொழிய ஆரம்பித்தது, யாரும் குழாயை எடுக்கவில்லை.